என் பட்டத்தைக் கெடுத்த தங்கச்சி

எங்கள் கிணறு வெட்டுகிறவர்கள் சங்கத்து ஆண்டு மலரில் இந்தப் பக்கத்தில் வேறொன்று வந்திருக்க வேண்டும். என் போட்டோ, தோளில் சால்வை, கீழே கொட்டை எழுத்தில் ‘விபத்தில்லா மேஸ்திரி’ என்று ஒரு பட்டம். செயலாளர் செல்வம் அதற்கு இடம்கூட ஒதுக்கி வைத்திருந்தார். அது போச்சு. கெடுத்தவள் என் கூடப் பிறந்த தங்கச்சி பச்சையம்மா. ‘பக்கம் காலியா கெடக்குது, நீங்களே எதையாவது எழுதிக் குடுங்க மேஸ்திரி’ என்று செல்வம் சொல்லிவிட்டார். அதனால் எழுதுகிறேன். மூன்றாங்கிளாஸோடு நின்றவன் எழுத்து இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஏழுமலை, கிணறு வெட்டு மேஸ்திரி. கள்ளக்குறிச்சியில் நின்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் நான் வெட்டின கிணறு ஒன்றைத் தாண்டாமல் போக முடியாது. மூங்கில்துறைப்பட்டில் கரும்புக்கு, களமருதூரில் நெல்லுக்கு, சின்னசேலத்தில் மரவள்ளிக்கு, கல்வராயன் மலையில் குடிக்க. அப்பாவும் அம்மாவும் அடுத்தவன் நிலத்தில் அறுத்தவர்கள். எங்களுக்கென்று ஒரு அடி மண் கிடையாது. நான் சொந்தமாகக் கிரேன் வாங்கினேன், டிராக்டரோடு கம்ப்ரசர் வாங்கினேன், மாடி வைத்து வீடு கட்டினேன். இன்ஜினீயர் படித்த பிள்ளைகள் பாறையைக் காட்டி ‘இது எந்தப் பக்கம் பிளக்கும்’ என்று என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். யாரும் தூக்கிவிடவில்லை. அத்தனையும் இந்தக் கை. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

தொழில் கற்றது கோவிந்தசாமி மேஸ்திரியிடம். ஆறு வருடம் மண் சுமந்தேன், நாலு வருடம் சம்மட்டி அடித்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, முதுகு வலித்தது. சொல்ல வேண்டியது அந்த மனுசரைப் பற்றித்தான். பேசமாட்டார். வாய் நிறைய வெற்றிலை. கிணற்றில் இறங்கி, சுத்தியலால் பாறையை மூன்று தட்டு தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். பிறகு துப்புவார். துப்பின இடத்தில் நாங்கள் தமர் போட வேண்டும். தமர் என்றால் பாறையில் குடைகிற துளை. அதில்தான் வெடிமருந்தைக் கெட்டிப்பது. சிவப்பு விழுந்த இடத்துக்கு ஒரு விரல் தள்ளிக் குடைந்தால்கூட உளியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்தவனிடம் கொடுத்துவிடுவார். திட்டமாட்டார். திட்டியிருந்தால் தேவலை.

வெடி வைக்க அவரிடம் ஒரு ஒழுங்கு உண்டு. உச்சிப் பொழுதில் மட்டும்தான் வைப்பார். கிணற்றில் இருக்கிற அத்தனை பேரும் மேலே வந்துவிட வேண்டும். அவருடைய சிவப்புத் துண்டைக் கொம்பில் கட்டி வண்டிப் பாதையில் ஓர் ஆள் நிற்பான். திரி கொளுத்துகிறவன் மட்டும் கீழே. ஒவ்வொரு திரியும் பற்றப் பற்ற அவன் சத்தமாக எண்ணிச் சொல்ல வேண்டும். எட்டு தமர் போட்டிருந்தாலும் எட்டும் கொளுத்த வேண்டும் என்பதில்லை. ஊற்று கசிந்து ஒன்றிரண்டு நனைந்துபோகும், அதை விட்டுவிடுவார்கள். அதனால் எத்தனை பற்றியது என்பது கீழே இருக்கிறவன் வாயிலிருந்துதான் தெரியும். மேலே இருக்கிறவன் அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, வெடிக்க வெடிக்க எண்ண வேண்டும். கீழே சொன்னதும் மேலே கேட்டதும் ஒன்றாக இருந்தால் இறங்கலாம். ஒன்று குறைந்தாலும் மறுநாள் காலை வரை கிணற்றை எட்டிப் பார்க்கக்கூடாது.

இன்னொன்றும் செய்வார். ஆட்கள் மேலே ஏறினதும் தலையை எண்ணமாட்டார். ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அன்றைக்கு அவர் பேசுகிற மொத்தப் பேச்சும் அதுவாகத்தான் இருக்கும். ‘எண்ணினா சட்டுனு முடியுமே மேஸ்திரி’ என்று ஒரு நாள் கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, ‘ஆடா மாடா, எண்றதுக்கு?’ என்றார். அவர் வயதாகி உட்கார்ந்த பிறகு மேஸ்திரி வேலை எனக்கு வந்தது. வந்ததும் முதல் காரியமாக அந்தப் பேர் கூப்பிடுகிறதை நிறுத்தினேன். எனக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

இப்போது தங்கச்சிக்கு வருகிறேன். எழுதும்போதே எரிச்சல் வருகிறது. எனக்கு மூன்று வயது இளையவள். இந்த வயதில் கரும்புக்குக் களை வெட்டப் போகிறாள். என் மாடி வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை கட்டி, மின்விசிறி போட்டு வைத்திருக்கிறேன். அதில் இப்போது நெல் மூட்டை இருக்கிறது. ‘வந்து இரு’ என்றால், ‘எனக்கு வூடு இருக்குது ண்ணா’ என்பாள். வீடா அது? ஒரு மழைக்கு ஒரு சுவர் விழும், அடுத்த வாரமே தானே மண் குழைத்து எழுப்பிவிடுவாள். காது கேட்கவில்லை என்று விழுப்புரம் வரை அழைத்துப் போய் மெஷின் வாங்கி மாட்டிவிட்டேன். ஒரே ஒரு நாள் போட்டிருந்தாள். மறுநாள் அது அரிசிப் பானைக்குள் கிடந்தது. ‘ஏன்டி கழட்டின?’ என்று கத்தினேன். ‘எல்லாம் கேக்குது ண்ணா, வாணாம்’ என்றாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு மனுசன் என்ன செய்வது.

அவள் புருஷன் முருகேசன் நான் பார்த்து வைத்த மாப்பிள்ளை. சின்னசேலம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். நல்ல உடம்பு, நல்ல குணம், எதற்கெடுத்தாலும் ஒரு கேலி. கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு கிணற்று வேலைக்கு வந்துவிட்டான். புருஷன் கீழே பாறை உடைப்பான், பெண்டாட்டி மேலே மண் கொட்டுவாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் தூக்குவாளியைத் திறந்தால் அவன் கை முதலில் என் பங்கில்தான் விழும்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அது உங்களுக்கே தெரியும். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். நாங்கள் அப்பா அம்மாவோடு களத்தில் கிடந்து வளர்ந்தவர்கள். அரிசி படி ஆகட்டும், செங்கல் ஆகட்டும், வெடி ஆகட்டும், எங்கள் வாயில் முதலாவது எப்போதும் லாபம்தான்.

நான் மேஸ்திரி ஆன முதல் வருடம். சின்னசேலத்துக்குத் தெற்கே ஒரு தனியார் நிலத்தில் கிணறு. அதுவரை திரி கொளுத்துவது நான்தான். அன்றைக்கு மேஸ்திரி என்கிற மிதப்பு எனக்கு. இனி நான் கை காட்டினால் போதும் என்று நினைப்பு. தீப்பெட்டியை முருகேசன் கையில் கொடுத்து, ‘இன்னைக்கு நீ வச்சிட்டு வா மாப்ள’ என்றேன். அவனுக்கு அதுதான் முதல் தடவை. மேலே கிரேன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கீழே இருந்து ‘லாபம்’ என்று அவன் குரல் கேட்டது. நடுவில் இன்ஜின் சத்தம். கடைசியாக ‘அஞ்சு, ஏர்றேன்’ என்பது கேட்டது.

மேலே வந்தவன் என்னோடு ஓடிவந்து வரப்புக்கு அந்தப் பக்கம் படுத்தான். வெடித்தது. நான் விரலை மடக்கினேன். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

“அஞ்சு ஆச்சு மாப்ள.”

“அஞ்சா?”

“அஞ்சு.”

“அப்ப சரி. நான் போயி பொகை அடங்கிச்சான்னு பாத்துட்டு வரேன். அதுக்குள்ள என் கஞ்சியில கைய வச்சிடாத மச்சான்.”

அவன் இறங்கினான். கடப்பாறையால் கல்லைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஆறாவது கேட்டது.

அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுதமாட்டேன். போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டு போனது. மருந்து சரியில்லை என்றார்கள். திரி ஈரம் என்றார்கள். கிழக்கு மூலையில் வெட்ட ஆரம்பித்தது தப்பு என்று ஒருத்தர் சொன்னார். நானும் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். என் காதில் அஞ்சு, அவன் வாயில் அஞ்சு. என் பேரில் என்ன தப்பு என்று இருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை. வேறொரு கிணற்றில் நிற்கிறேன். பச்சையம்மா வருகிறாள். இடுப்பில் ரெண்டு வயதுப் பெண் குழந்தை, தலையில் மண் சுமக்கிற பாண்டு.

“இன்னாத்துக்கு வந்த?”

“வேலைக்கு.”

“வூட்ல கெட. நான் சோறு போடறேன்.”

“ண்ணா, அவுரு கீழ இருந்து எண்ணுனாரே, மொதல்ல இன்னான்னாரு?”

“லாபம்னான். எல்லாரும் சொல்றதுதான்.”

“அப்பால?”

“இன்ஜின் ஓடிக்கினு இருந்துச்சி. கடசீல அஞ்சுன்னது கேட்டுச்சி.”

குழந்தையை இறக்கிவிட்டாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையிலிருந்து ஆறு கல்லைப் பொறுக்கி வரிசையாக வைத்தாள்.

“நாம எண்றது இப்படி” என்று ஒவ்வொரு கல்லாகத் தொட்டாள். லாபம், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. மறுபடி முதல் கல்லுக்கு வந்தாள். “எங்க மாமியா வூட்ல எண்றது இப்படி. ஒலைக்கு அரிசி போட்டாலும் மொத பிடி லாபம், அது சாமிக்கி. அதுக்கு அப்பாலதான் ஒண்ணு.” லாபம், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. விரல் அதே ஆறாவது கல்லில் வந்து நின்றது.

“அவுரு அஞ்சுன்னா ஆறு ண்ணா. உனக்கு அஞ்சுன்னா அஞ்சு.”

நானும் ஒரு தடவை ஆறு கல்லையும் தொட்டு எண்ணினேன்.

“எனக்கு ரெண்டும் தெரியும்” என்றாள். “மண்ணு கொட்ற எடத்துலதான் நின்னுகினு இருந்தேன். என்ன யாரும் கேக்கல.”

அழுவாள், மண்ணை வாரி என் மேல் போடுவாள் என்று நின்றேன். போட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் ஆறு கல்லையும் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். “இனிமே நான் எண்றேன். வாயால இல்ல” என்று சொல்லிவிட்டு, பாண்டை எடுத்துக்கொண்டு மண்ணுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் கிணறுகளில் வழக்கம் மாறியது. வெடி வைக்கிற நேரத்தில் கிரேன் இன்ஜினை நிறுத்தியாக வேண்டும். இவள் கிணற்று மேட்டில் வந்து உட்காருவாள். கீழே ஒரு திரி பற்றினால் மடியில் ஒரு கல். பிறகு எல்லோரோடும் ஓடி ஒதுங்குவாள். ஒரு வெடிக்கு ஒரு கல்லை வெளியே போடுவாள். மடி காலியானால் இறங்கலாம். கல்லுக்கு லாபமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கல் கல்தான்.

கேட்க நன்றாக இருக்கும். கூட வேலை செய்து பாருங்கள், தெரியும். ரெண்டு தமர் ஒரே நேரத்தில் வெடித்தால் சத்தம் ஒன்றாகத்தான் வரும். இவள் மடியில் ஒரு கல் தங்கிவிடும். அவ்வளவுதான், அன்றைய வேலை போச்சு. இப்படி மூன்று தடவை மறுநாள் காலை இறங்கிப் பார்த்தால் கீழே எல்லாம் சுத்தமாக வெடித்திருந்தது. மூன்று பகல் பாழ். நிலத்துக்காரன் என்னைத் திட்ட, நான் இவளைத் திட்ட, இவள் கஞ்சியில் உப்பு பத்தவில்லை என்பாள். ‘உன் தங்கச்சி மேஸ்திரியா, நீ மேஸ்திரியா?’ என்று ஆட்கள் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்.

வருடக் கணக்கில் வெடிச் சத்தத்தில் கிடந்ததில் அவள் காது மந்தமாகிவிட்டது. அப்பாடா, இனி இந்தக் கல் விளையாட்டு ஒழிந்தது என்று நினைத்தேன். மறுநாள் மேட்டில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தாள். வெறுங்காலை மண்ணில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். வெடித்ததும் கல்லைப் போட்டாள். உள்ளங்காலால் எண்ண ஆரம்பித்துவிட்டாள். கீழே கொளுத்துகிறவன் கையை உயர்த்திக் காட்ட வேண்டும் என்று அவனுக்கும் ஒரு உத்தரவு.

அப்புறம் கல்வராயன் மலை. வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஊர்க் கிணறு. பெண்கள் குடத்தோடு ஓடைக்கு இறங்கி ஏறிக்கொண்டிருந்த ஊர். ஊற்றுக் கண் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு வெடி, அவ்வளவுதான். ஊரே கோழி அடித்துக் குழம்பு கொதிக்க வைத்து உட்கார்ந்திருக்கிறது. மேற்கே மழை கட்டிக்கொண்டு நிற்கிறது. மழை இறங்கினால் வெட்டின குழிக்குள் மண் சரிந்து பத்து நாள் வேலை போய்விடும். கொளுத்தினது ஏழு. நான் இரண்டு காதாலும் கேட்டேன், ஏழு. சந்தேகமே இல்லை. இறங்கிப் பார்க்க நானே கயிற்றைத் தேடினேன்.

கயிற்றுச் சுருணையின் மேல் பச்சையம்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஒரு கல்.

“ஏந்திரி” என்று காதருகே கத்தினேன். “ஏழு கேட்டுச்சி. ஊரே கேட்டுச்சி.”

“எனக்கு ஆறு.”

“உனக்குத்தான் காது இல்லியே.”

“காலு இருக்குது.”

“மழை வருது பாருடி, மண்ணு சரியும்.”

“சரியட்டும். திரும்ப அள்ளிக்கலாம்.”

“ஊரு சனம் சிரிக்குது. கயித்த விடு.”

“இஸ்துகினு போ பாக்கலாம்.”

இழுத்துப் பார்த்தேன். மண் சுமந்து உரமேறின உடம்பு, அசையவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர், ‘ஏம்ப்பா, அந்தம்மா சொன்னா இருந்துட்டுப் போயேன், கோழி எங்க ஓடப்போவுது’ என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோழியைத் தொடவில்லை. அவள் ரெண்டாவது தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டாள், கயிற்றின் மேல் உட்கார்ந்தபடியே. சாயங்காலம் மழை கொட்டி, கரை சரிந்தது.

காலையில் மழை விட்டு, நான்தான் இறங்கினேன். சரிந்த மண்ணைக் கையால் மெதுவாக ஒதுக்கினேன். வடக்கு ஓரத்தில் ஒரு தமர், திரி பாதி கருகி, மருந்து அப்படியே இருந்தது. பிறகுதான் எனக்கு விளங்கியது. மலையில் சத்தம் எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பி வரும். ஏழாவதாக நான் கேட்டது அது. காதுக்குத் திரும்பி வந்தது காலுக்கு வரவில்லை.

அந்த மருந்தைத் தண்ணீர் விட்டு நனைத்து எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். என் முகத்தைப் பார்த்தாள். “கல்லப் போட்டுடட்டா?” என்று கேட்டாள். அதோடு சரி. நாலு நாள் அவளும் நானும் சேர்ந்துதான் சரிந்த மண்ணை அள்ளினோம்.

அதன் பிறகு நான் ஓய்வு பெறுகிற வரை என் கிணற்றில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது வெடி வைக்க லைசென்ஸ்காரர்கள் வருகிறார்கள், சைரன் ஊதுகிறார்கள், பட்டனை அமுக்குகிறார்கள். நல்ல காரியம், முன்னமே வந்திருக்க வேண்டும். என்னிடம் பேச வருகிறவர்களிடமெல்லாம் ‘என் கையில் ஒரு விபத்து உண்டா, விசாரித்துப் பார்’ என்பேன். நான் மேஸ்திரி ஆன வருடத்தையே ஒரு வருடம் தள்ளித்தான் சொல்லி வந்தேன். அந்த முதல் வருடம் என் கணக்கில் கிடையாது. அந்தக் காலத்து ஆட்கள் பாதிப் பேர் இல்லை. மருந்து கெட்டுப்போனதாகத்தான் மீதிப் பேர் நினைத்திருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவள் ஒருத்தி. புருஷன் வீட்டார் கையை விரித்தபோதும், வளர்த்த மகளைக் கட்டினவன் விட்டுவிட்டுப் போனபோதும், பேத்தியை நர்ஸ் படிப்புக்குச் சேர்க்க இவள் களை வெட்டினபோதும், ‘உன்னாலதான்’ என்று ஒரு தரம் சொல்லியிருக்கலாம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, சொன்னதில்லை. அவள் சொல்லாததுதான் எனக்கு இந்த எரிச்சலை எல்லாம் கொடுத்தது என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

போன மாதம் செல்வம் படிவத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அன்றைக்குப் பார்த்து பச்சையம்மா வந்து, முறத்தில் வேர்க்கடலையைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று செல்வம் உரக்கப் படித்தார். பேர், வயது, வெட்டின கிணறு. நான் ஒவ்வொன்றுக்கும் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னேன்.

“கடசியா ஒண்ணுங்க மேஸ்திரி. விபத்து எத்தினி? இல்லன்னு போட்டுடவா? அதுக்குத்தான சால்வையே.”

“போட்டுடு” என்றேன்.

பச்சையம்மா முறத்திலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்தாள். கையை நீட்டி அந்தப் படிவத்தின் மேல் வைத்தாள்.

“இன்னாங்க ஆயா இது?” என்று செல்வம் சிரித்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. மலையில் கயிற்றின் மேல் உட்கார்ந்து பார்த்தாளே, அந்தப் பார்வை. எனக்கு நெல் மூட்டை வைத்திருக்கிற அறை தெரிந்தது, மாடிப் படி தெரிந்தது, என் கை தெரிந்தது.

“ஒண்ணுன்னு போட்டுக்க செல்வம்” என்றேன்.

“மேஸ்திரி, அப்புறம் பட்டம்…”

“ஒண்ணுதான். எழுது.”

செல்வம் எழுதப் போனார். “இன்னா எழுதறாரு?” என்று பச்சையம்மா என்னைக் கேட்டாள். ஒரு விரலைக் காட்டினேன். தலையை ஆட்டினாள்.

“நம்பரு வாணாம் ண்ணா. பேர எழுதச் சொல்லு.”

செல்வம் விழித்தார். அவருக்கு எந்தப் பேர் என்று தெரியாது. பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். முருகேசன் என்று எழுதினேன். மூன்றாங்கிளாஸ் எழுத்து, கட்டத்துக்குள் அடங்காமல் வெளியே போய்விட்டது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எட்டி, எழுத்து முடிகிற இடம் வரை பார்த்தாள். பிறகு அந்தக் கல்லை எடுத்து வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு, மறுபடி முறத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.